நான்கு விரல் கை

பூங்கா திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, சிமெண்டம்மா தன் அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ச் சிலைக்கு முன்னால் நிறுத்தினாள்.

சிமெண்டுக் குழாய் வார்க்கும் பட்டறையில் இருபது வருடமாக வேலை. அங்கே வைத்த பெயர் அது. கிழிந்த மூட்டைகளில் மிஞ்சும் சிமெண்டை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து, கரண்டியும் பழைய கத்தியுமாக உருவம் பிடிப்பாள். முதலில் கோழி, பூனை, அப்புறம் ஆட்கள். 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் சிலை வேண்டும் என்று நகராட்சி கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. நாலு வயதில் கலவரத்துக்குப் பயந்து விட்டுவந்த ஊரில் அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு ஞாபகம்தான்: வாசற்படியில் உட்கார்ந்து தனக்குத் தலைவாரிவிடும் அம்மா. இடது கையில் சுண்டுவிரல் இல்லாத அம்மா. இங்கே வந்த கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனாள்; ஒரு போட்டோ கூடக் கிடையாது. ஐந்து மாதம் மாய்ந்து மாய்ந்து அந்த ஞாபகத்தைத்தான் வார்த்திருந்தாள்.

அக்கா பத்து வயது மூத்தவள், தங்கையைத் தூக்கி வளர்த்தவள். சிலையின் கையையே பார்த்தவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இது அம்மா இல்லடி."

முகம் முன்னே பின்னே இருக்கும்தான் என்று தங்கை சிரித்தாள்.

"அம்மாவுக்கு பத்து விரலும் இருந்துச்சு. இது பக்கத்து வீட்டம்மா."

பிறகு அக்கா தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் கொட்டினாள். ஓடிவந்த அன்று இரண்டு லாரி. குழந்தை அப்பாவோடு இருக்கிறது என்று அம்மாவும், அம்மாவோடு இருக்கிறது என்று அப்பாவும் ஏறிவிட்டார்கள். யாருக்குப் பயந்து ஓடினார்களோ அந்த ஜனத்தைச் சேர்ந்தவள்தான் பக்கத்து வீட்டம்மா. விட்டுப்போன குழந்தையை ஏழு மாதம், தன் பெண் என்று ஊரிடம் பொய் சொல்லி வைத்துக்கொண்டாள். அப்பா திரும்பப் போய்க் கூட்டிவந்தார்.

"சாகுற வரைக்கும் நீ அம்மாவை அம்மான்னு கூப்பிடவே இல்ல. பார்த்தாலே கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவ. இதை எப்படி உங்கிட்ட சொல்லுவேன்?"

சிமெண்டம்மா சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நீ எந்த ஊர், எந்த ஜனம் என்று யார் கேட்டாலும் அந்த முகத்தை நினைத்துத்தான் இத்தனை காலம் பதில் சொல்லியிருக்கிறாள். அந்த முகமே அந்த ஜனத்தின் முகமா? அந்த அம்மாவின் பெயராவது தெரியுமா என்று கேட்டாள். அக்காவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்களாம்.

இரண்டு நாள் அவள் பட்டறைக்குப் போகவில்லை. அக்காவோடு பேசவில்லை. பீடத்தில் 'அம்மா' என்று வெட்டியிருப்பதைப் பூசி மறைத்துவிடலாமா என்று பெஞ்சில் நடந்த பேச்சைக் கேட்டிருந்த பூங்கா மேற்பார்வையாளர் ஆள் அனுப்பிக் கேட்டார். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினாள்.

திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை, சிமெண்டம்மா போய் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீ அம்மா சாடைதானே?"

"மூக்கும் தாடையும் அப்படியேன்னு அப்பா சொல்லுவாரு."

தன் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிவந்து, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அக்காவை உட்காரவைத்தாள். கலவையைப் பிசைந்துகொண்டே, அம்மாவின் தாடையை வார்த்து முடிக்கும்வரை அழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். சொன்னவளுக்குத்தான் முதலில் கண் நிறைந்தது.