இரண்டு சின்னது, ஒன்று நீளம்

கடற்கரைச் சாலை ஊரை விட்டு வெளியே வளைகிற இடத்தில் எங்கள் வீடு தனியாக நிற்கிறது. பக்கத்தில் ஐஸ் பாக்டரி. அதை மூடியபிறகு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்து போய்விட்டார்கள். மிஞ்சியது என் அண்ணியும் நானும்தான். நான் கல்யாணம் ஆகாதவள். பிரார்த்தனைக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. அண்ணிக்கு இறால் உரிக்கிற வேலை. நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கிடந்து கிடந்து அவர் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். வீட்டுக்கு வந்து அடுப்பில் காட்டினாலும் அந்தக் குளிர் போகாது.

"உங்க கை பட்டா பேய்கூட அலறிட்டு ஓடும் அண்ணி" என்று கேலி செய்வேன். விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

என் அண்ணன் பஸ் டிரைவர். இங்கிருந்து தலைநகருக்குப் போகிற முதல் பஸ் அவருடையது. விடிவதற்கு முன்னால் எங்கள் வளைவைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அண்ணி ஜன்னலில் நின்று சார்ஜ் லைட்டை ஆட்டுவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அப்போது லைட் இல்லை, சிம்னி விளக்கு. மகன் பிறந்து, வளர்ந்து, தலைநகரிலேயே வேலைக்குப் போய்க் குடும்பமும் ஆனபிறகும் அது நிற்கவில்லை. சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற நாளிலும் ஹாரன் உண்டு, விளக்கு உண்டு.

அண்ணன் போனது தலைநகர் நெரிசலில். பாலத்துக்கு அடியில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றபோது, பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்திருக்கிறார். எந்த வண்டியும் நகராததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வழி கிடைத்தபிறகும் பஸ் மட்டும் நின்றது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்களாம், கன்னாபின்னாவென்று திட்டினார்களாம். ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டியபிறகுதான் தெரிந்தது. கடவுள் அவரை அழைத்துக்கொண்டது எந்த நிமிஷம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதன்பிறகும் அண்ணி அந்த நேரத்துக்கு எழுந்து லைட்டோடு ஜன்னலில் நின்றார். பஸ் சத்தமில்லாமல் கடந்து போகும். பழகிய உடம்பு, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு விடியலில் நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். பாய் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அண்ணி திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம். "உங்கண்ணன் வந்துட்டார்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் ஹாரன் கேட்டது. போன உயிரை இப்படிப் பிடித்து வைக்கலாமா என்று எனக்குக் கவலை.

"கடவுள்கிட்ட போனவர் எதுக்கு அண்ணி தினமும் பஸ்ல வரணும்?"

"அவருக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு?"

இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய! வேண்டிக்கொள்வதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. மகன் போன் செய்தான். "அம்மா, இவளுக்கு மாசம் நெருங்குது. நீ வந்து எங்களோடயே இருந்துடு. அந்தப் பாழடைஞ்ச இடத்துல என்னம்மா இருக்கு?"

"இருக்குடா."

"என்னதான் இருக்கு?"

அண்ணி போனை வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. பாத்திரம் கழுவும்போது என்னைக் கூப்பிட்டார். கணவரின் தங்கை என்பதால் இத்தனை வயசிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

"பாப்பா, அந்த முதல் பஸ்லயே போவோம். டிரைவருக்குப் பின்னாடி உக்காந்து என் கண்ணால பாக்கறேன். ஹாரனை மனுஷன் கை அழுத்துச்சுன்னா, பையன் வீட்டுலயே இருந்துடறேன். யார் கையும் படாம அடிச்சுதுன்னா, அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். நீ அப்புறம் எதுவும் பேசக் கூடாது."

மனுஷன் கையாகவே இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிலையத்தில் மீன் கூடைகளுக்கு நடுவே பஸ் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் குண்டாக, கழுத்தில் துண்டோடு இருந்தார். கண்டக்டர் ஒல்லிக்குச்சி. இருவரும் தலைநகர் டிப்போ ஆட்கள். இரவு வந்து பஸ்ஸிலேயே படுத்து, விடியுமுன் கிளம்பிவிடுகிறவர்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. அண்ணியின் பையிலிருந்து சார்ஜ் லைட் எட்டிப் பார்த்தது.

"இது எதுக்கு அண்ணி?"

"ஏன், அங்க கரண்ட் போகாதா?"

பஸ் கிளம்பியது. அண்ணி சாலையைப் பார்க்கவில்லை, டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு வந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டை வெளியிலிருந்து நான் பார்த்ததே இல்லை. காரை உதிர்ந்த சுவர், கம்பி ஜன்னல், சுற்றிலும் ஆளில்லாத வீடுகள், உள்ளே ஒரே இருட்டு. எனக்கே திக்கென்றது.

டிரைவரின் கை உயர்ந்தது. முடி அடர்ந்த, வாட்ச் கட்டிய கை. அழுத்தியது. இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

அண்ணி மூச்சை விட்டார். அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் பஸ்ஸின் வேகம் குறைந்தது. கண்டக்டர் ஓடிவந்து குனிந்து வெளியே பார்த்தார்.

"அண்ணே, எங்கண்ணே காணோம்?"

"அதான்டா. விளக்கு இல்லையே."

"இன்னொரு தடவை அடிங்க."

அடித்தார். இருட்டு அப்படியே இருந்தது. டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போச்சு. இன்னைக்குப் பாலத்துக்கிட்ட வசமா மாட்டப் போறோம்."

"என்னப்பா விஷயம்?" என்று கேட்டேன். கேட்க ஆள் கிடைத்ததில் கண்டக்டருக்கு ஒரே குஷி.

"அதை ஏம்மா கேக்கறீங்க! முன்னாடி இந்த பஸ்ஸ ஓட்டினவர் சிட்டி நெரிசல்ல, ஸ்டியரிங்லயே போயிட்டார். சேதி கேட்டு அவர் சம்சாரம் கடல்ல இறங்கிடுச்சாம். அதுதான் அந்த வீட்டு ஜன்னல்ல விளக்கோட நிக்கும். அவருக்கு அப்புறம் வந்த டிரைவர் கொஞ்ச நாள் கண்டுக்காம போயிருக்கார். ஒருநாள் நல்லா பாத்துட்டார். பயத்துல ஹாரனை அழுத்திட்டார். உடனே அது விளக்கை ஆட்டி வழி விட்டுச்சாம். அதுலேர்ந்து யார் ஓட்டினாலும் அடிச்சுட்டுத்தான் போறது. அது ஆட்டலைன்னா ஊர் போய்ச் சேர முடியாது."

"ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம்னு அவருக்கு யார் சொல்லிக்குடுத்தது?" அண்ணி பஸ்ஸில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"யாரும் இல்லம்மா. கை தானா அப்படி அழுத்திச்சுன்னார்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். என் காதருகே வந்து, "நான் செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம் பாப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிடித்திருந்த கை அவ்வளவு குளிர்ந்திருந்தது.

தலைநகருக்குள் நுழைந்ததும் பஸ் ஊர ஆரம்பித்தது. பக்கத்து லாரிக்காரர் கையை நீட்டினால் எங்கள் தலையைத் தொட்டுவிடலாம். பைக்குகள் கிடைத்த சந்திலெல்லாம் மூக்கை நுழைத்தன. எங்கே பார்த்தாலும் ஹாரன். பாலத்து அடியில் எல்லாமே நின்றுவிட்டது. இதுதான் அந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணி நிமிர்ந்து பாலத்தைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டேன்.

டிரைவர் பிரேக்கைப் போட்டார். இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தார்.

அண்ணி எழுந்தார். குறுக்குக் கம்பிக்கு மேலே எட்டி, அவர் பிடரியில் கையை வைத்தார்.

"ஐயோ!" என்று டிரைவர் துள்ளி எழுந்தார். "என்னம்மா இது, ஐஸ் மாதிரி கை!"

"தலையைத் தூக்கி உக்காருங்க தம்பி. இந்த இடத்துல தலை சாய்க்க வேண்டாம்."

"தூக்கம் இல்லம்மா. மனசே சரியில்ல. அந்தம்மா இன்னைக்கு நிக்கலையே."

அண்ணி பின்னாலிருந்த வண்டிகள் அடித்த ஹாரன்களைக் கேட்டபடி நின்றார். அன்றைக்கு அண்ணனைச் சுற்றிக் கேட்டதும் இதே சத்தம்தான். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவங்க இனிமே நிக்க மாட்டாங்க தம்பி. பையன் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

டிரைவர் மேலே இருந்த கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தார். அப்புறம் பையில் இருந்த லைட்டைப் பார்த்தார். விசிலை வாய்க்குக் கொண்டுபோன கண்டக்டரின் கை பாதியில் நின்றது.

"அப்போ... வழி?" என்றார் டிரைவர்.

"விட்டாச்சு. நல்லபடியா போங்க."

முன்னாலிருந்த லாரி நகர்ந்தது.

இறங்கும்போது கண்டக்டர் எங்கள் பையைத் தள்ளி நின்றே நீட்டினார். அண்ணியின் கால் தரையில் படுகிறதா என்று அவர் குனிந்து பார்த்ததை நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார். வேண்டுமென்றே நங்கென்று மிதித்து நடந்தார் அண்ணி.

பேத்தி பிறந்தாள். அண்ணி சொன்ன சொல்படி அங்கேயே இருந்துவிட்டார். பிரார்த்தனைக் கூடத்தை விட்டுப் போக எனக்கு மனமில்லை, திரும்பி வந்துவிட்டேன். போனில் பேசுவோம்.

"குழந்தையைத் தூக்கித் தூக்கி என் கை சூடாயிடுச்சு பாப்பா. இங்க எந்நேரமும் ஹாரன்தான், காது கிழியுது. ஆனா அதுல ஒண்ணுகூட எனக்கு இல்ல. நிம்மதியா தூங்கறேன்."

எனக்குத்தான் தூக்கம் இல்லை. விளக்கு ஆடாவிட்டால் டிரைவர்கள் ஹாரனை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. விடியுமுன் வளைவில் இன்னும் கேட்கிறது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். எழுந்து பாயில் உட்கார்ந்து அண்ணனுக்காக வேண்டிக்கொள்கிறேன். ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை. ஆனாலும் வேண்டுதல் நடுவே, கூப்பிய கைகளில் ஒன்று விலகி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு சுவிட்சைத் தேடிப் போகிறது. அதைப் பிடித்து இழுத்து, மறுபடி கூப்பி வைத்துக்கொள்கிறேன்.