ஐஸ் ஃபேக்டரி மாடியில் குறைந்துபோன வெயில்

வியாசர்பாடி ரமாபாய்க்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்திருந்தார்கள். ஃபேக்டரியில் இல்லை, அதன் மொட்டை மாடியில் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அவரும் விட்டுவிட்டார். மாடியில் இருந்தவை திருவொற்றியூரின் காற்றையும் வெயிலையும் அளக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் கருவிகள். நிறுவனம் தென்சென்னையில் மரங்களுக்கு நடுவே இருந்தது. அளவுகள் சிம் கார்டு வழியாக அங்கே போய்விடும் என்பதால் ஆட்கள் இங்கே வரவேண்டிய அவசியம் இல்லை.

ஒன்பது வருடமாக ரமாபாய் ஒப்பந்த ஊழியர். காலையில் காற்றை உறிஞ்சும் கருவியில் வெள்ளை வடிதாள் வைப்பார். சாயங்காலம் அதைக் கறுப்பாக எடுத்து உறையில் போடுவார். இன்னொரு கருவி, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குமிழ். கண்ணுக்குத் தெரியாமல் தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிரை அது அளக்கும். துறைமுகம், லாரி, அனல் மின் நிலையம் என்று எல்லாப் பக்கத்துத் தூளும் ராத்திரியில் அதன்மேல் படியும். தினமும் மெல்லிய துணியால் துடைத்து, பதிவேட்டில் ‘துடைக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு நாளும் அவர் துடைக்காமல் போட்டதில்லை.

மார்ச் மாதம் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். மாற்று ஆள் கேட்டு எழுதிய கடிதத்தை நிறுவனம் பரிசீலித்தது. அவர் எலும்பு கூடி நடக்கத் தொடங்கிய பிறகும் பரிசீலித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் நொண்டிக்கொண்டு வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார் ஐஸ் ஃபேக்டரி காவலாளி டில்லிபாபு. கையில் ஒரு நாளிதழ்.

“அக்கா, உன் மிஷின் பேரு பேப்பர்ல வந்துகீது. நம்ம ஏரியால அந்தச் சுடுற கதிரு பாதிக்கு மேல கொறைஞ்சிட்ச்சாம். புகை நமக்குக் கொடை புட்சிகினு கீதாம்.”

“யாரு சொன்னது?”

“உங்க ஆபீஸ் சாருதான். எனக்கு ஒரு டவுட்டு. முதுவு தோலு உரிஞ்சிகினு கீதே, அது எந்த வெயிலு?”

ரமாபாய் மாடிக்கு ஏறினார். குமிழ் இருந்த இடத்தில் அடுப்புக்கரி உருண்டை மாதிரி ஒன்று இருந்தது. கீழே பெட்டியின் திரையில் உச்சிவேளை அளவு நான்கு. துணியை நனைத்து நிதானமாகத் துடைத்தார். திரையில் பழையபடி பதினொன்று வந்தது.

மறுநாளே ஆய்வாளர் ரஞ்சித் காரில் வந்து இறங்கினார். ஒன்பது வருடத்தில் நிறுவனத்திலிருந்து ஒருவர் நேரில் வருவது அது இரண்டாவது தடவை. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கை உறை எல்லாம் போட்டுக்கொண்டு, முகத்தில் வெள்ளையாகக் களிம்பு பூசிக்கொண்டுதான் மாடிக்கு ஏறினார்.

“நேத்து கருவியை என்ன பண்ணீங்க?”

“தொடைச்சேன் சார்.”

“யாரு தொடைக்கச் சொன்னது?”

“நீங்கதான் சார். ஒம்போது வருசமா.”

ரஞ்சித் இறங்கிய குரலில் பேசினார். ஆறு வாரமாக அளவு இறங்கியதை வைத்து ஒரு கட்டுரை எழுதியாகிவிட்டது. மே பதினெட்டாம் தேதி கருத்தரங்கு. இயக்குநர் பேட்டியும் கொடுத்துவிட்டார். இப்போது கோடு ஒரே நாளில் செங்குத்தாக ஏறினால் யார் நம்புவார்கள்?

“பதினெட்டு வரைக்கும் தொடைக்காதீங்க. கையெழுத்து மட்டும் போடுங்க.”

“தொடைக்காம எப்டி சார் போடறது?”

“எப்பவும் போடற மாதிரிதான்.”

“எப்பவும் தொடைச்சிட்டுதான் சார் போட்டேன்.”

அவர் போனபின் ரமாபாய் வெகுநேரம் குமிழின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. எதிர்த்துப் பேசினால் நீட்டிக்கமாட்டார்கள். துடைக்கவேண்டாம் என்பது மேலிடத்து உத்தரவு, சரி, துடைக்கவில்லை. ஆனால் செய்யாததைச் செய்ததாக எழுத அவருக்குக் கை வரவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்தக் கட்டத்தில் குண்டுக் கையெழுத்தில் இப்படி எழுதினார்: ‘துடைக்கவில்லை. ரஞ்சித் சார் வேண்டாம் என்றார்.’ சாயங்காலம் வழக்கம்போல் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே யாரும் படிக்கவில்லை. ஒன்பது வருடமாகப் படிக்காதவர்கள் இப்போது மட்டும் ஏன் படிக்கப்போகிறார்கள்?

எல்லாம் வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. அதனால் பதிவேட்டின் பக்கங்கள் அனைத்தும் கட்டுரையின் பின்னிணைப்பாக அச்சேறின. கருத்தரங்குக்கு பெங்களூரிலிருந்து வந்த எழில்மொழி என்ற பேராசிரியர், ரஞ்சித்துக்கு முன் பேசியவரின் உரை நீண்டுகொண்டே போனதால், பின்னிணைப்பைப் புரட்டினார். ரஞ்சித் பேசி முடித்ததும் எழுந்தார்.

“தமிழ்ல ஒரு குறிப்பு இருக்கு. படிக்கலாமா?” என்று கேட்டு, பதில் வருமுன் படித்துவிட்டார்.

அரங்கில் முதலில் சிரித்தவர் யார் என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டதாக டில்லிபாபு சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நம்பவேண்டியதில்லை. நிஜமாக நடந்தது இவ்வளவுதான்: ரஞ்சித் அதே எண்களை வைத்து, அளவுக்கருவிகளின்மேல் தூசு படிவதன் விளைவு என்று புதுக் கட்டுரை எழுதினார். முந்தையதைவிட அதற்கு நல்ல பெயர். அதன் நன்றிக் குறிப்பில் ‘கள உதவியாளர் ஒருவர்’ இடம்பெற்றார். திருவொற்றியூரில் புற ஊதாக் கதிர் பழைய அளவுக்குத் திரும்பியதை எந்த நாளிதழும் போடவில்லை.

ரமாபாயின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அவரை அனுப்பினால் பேராசிரியர் கேட்பாரே என்ற பயம். கூடவே புதுப் பதிவேடும் வந்தது. இனி யாரும் வாக்கியம் எழுதவேண்டாம் என்று, துடைத்ததற்கு ‘ஆம்’ என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அச்சடித்திருந்தார்கள்.

“இல்லன்னு சொல்லவே எடம் இல்லியேக்கா,” என்றார் டில்லிபாபு.

ரமாபாய் அவரிடம் ஸ்கேல் வாங்கிக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து, பன்னிரண்டு மாதத்துக்குமான பக்கங்களில் இன்னொரு கட்டம் போட ஆரம்பித்தார்.