வெறுங்கையோடு நடக்க வெட்கம்

சர்க்கரை கூடிப்போச்சு, தினமும் அரை மணி நேரம் நடக்கணும் என்று டாக்டரம்மா சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நடப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. களையெடுக்கப் போன காலத்தில் யார் மணி பார்த்து நடந்தார்கள்? காரைக்குடியில் மகன் வீட்டுக்கு வந்தபிறகுதான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் என்றாகிவிட்டது. மகனும் மருமகளும் ஆபீசுக்குக் கிளம்பியதும் நாற்காலியில் உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை டிவிதான்.

ஆறு மணி சீரியலை விட்டால் நேரம் கிடைக்கும். மனசில்லாமல் விட்டேன். ஆனால் தெருவில் இறங்க வெட்கம். எங்கள் பக்கத்தில் எதிரில் வருகிறவர்கள் "எங்குட்டு?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்பார்கள். இந்த வயதில் "சும்மா நடக்கிறேன்" என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் "கடைக்கு" என்றேன். பொய்யாகிவிடக் கூடாதே என்று தினமும் எதையாவது வாங்கினேன்.

ஃபிரிட்ஜைத் திறந்த மருமகள், "இம்புட்டுக் கொத்தமல்லி எதுக்கு அத்தை? ஆடு எதுவும் வளக்குறீகளா?" என்று சிரித்தாள்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது கண் கலங்கியிருந்தது. தெருமுனை வீட்டுக்காரி வழிமறித்துக் கேட்டாளாம்: "வண்டி வச்சிருக்கேல்ல, வர்ற வழியில வாங்கியாரக் கூடாதா? வயசான மனுசிய நெதமும் கடைக்கு வெரட்டுறியே!"

"தெருவே அப்படித்தான் பேசுதாம். நானா உங்கள அனுப்புறேன்?" என்றாள். மறுநாள் காய்கறியை அவளே வாங்கி வந்து, பொத்தென்று அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

நடப்பதை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் மாமியாரை வீட்டுக்குள் அடைத்துவிட்டாள் என்பார்கள். அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும். என் கூச்சத்துக்கு அவள் ஏன் பேச்சு வாங்க வேண்டும்?

அடுத்த நாள் பை இல்லாமல் இறங்கினேன். கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். தெருமுனை வீட்டுக்காரி வாசலில் நின்றாள்.

"எங்குட்டுக்கா, பையக் காணோம்?"

"எனக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லியிருக்காக. கடைக்குன்னு சொன்னது வெக்கப்பட்டுச் சொன்னது. எம் மருமக என்னைய ஒருநாளும் ஏவுனதில்ல."

தெருவில் நின்று நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"அட, நடக்குறதுக்கா இத்தன நாளா பையச் சுமந்தீக?" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, "அந்தப் புள்ளைய நான்தான் தப்பாப் பேசிப்புட்டேன்" என்றாள்.

"அத அவகிட்டச் சொல்லுங்க" என்றுவிட்டு நடந்தேன்.

தெருமுனை வீட்டுக்காரி வந்து சொன்னாள்தான். ஆனாலும் மருமகள் முகம் உடனே தெளியவில்லை. நான் தினமும் நடந்து வந்ததும், இன்றைக்கு மாவுக்கடையில் உண்மையைச் சொன்னேன், தையல்காரரிடம் சொன்னேன் என்று அவளிடம் ஒப்பித்தேன். நாலாம் நாள், "போதும் அத்தை, விட்டா மைக்செட்டுக் கட்டிச் சொல்லுவீக போல" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.