எதுக்கண்ணனின் கட்டாய ஓய்வு

பணிமனைப் பலகையில் அந்தத் தாளை ஒட்டிய எழுத்தர் இன்னும் நாலு வார்த்தையைப் பெரிதாக எழுதியிருந்தால் எதுக்கண்ணனுக்கு அன்று அவ்வளவு வியர்த்திருக்காது. ‘நான்கு மணி நேரம் தொடர்ந்து பேருந்து ஓட்டுபவர்களுக்கு முதல் தேதியிலிருந்து கட்டாய ஓய்வு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. எத்தனை நிமிடம் என்பது கீழே எறும்பு அளவில் இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. கட்டாய ஓய்வு என்றால் அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். அவருடைய மைத்துனரை, பணிக்காலம் ஆறு வருடம் மிச்சமிருக்கும்போதே, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாளைப் பிய்த்துக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போய் நின்றார். “இருபத்தேழு வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது. என்னை எதுக்கு வீட்டுக்கு அனுப்புறீங்க?”

மேலாளர் தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். “முக்கால் மணி நேரங்க. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஓய்வறையில படுத்து எழுந்திரிச்சு வாங்க. அவ்வளவுதான். களைப்புல வண்டி ஓட்டக்கூடாதுன்னு இந்த ஏற்பாடு.”

“அதான், எதுக்கு?” என்றார் அவர்.

இந்த ஒரு சொல்லால்தான் அவருக்கு அந்தப் பெயர். டீ வாங்கிக் கொடுத்தாலும் ‘எதுக்கு?’ நல்லாயிருக்கீங்களா என்று கேட்டாலும் ‘எதுக்கு?’ பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீட்டிலும் அதே கதை. படுத்த பிறகு வாசல் பூட்டை இழுத்துப் பார்க்க எழுந்திருப்பார். திரும்பிப் படுத்ததும், இழுத்தபோது பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடி எழுந்திருப்பார். பிறகு கேஸ் அடுப்பு, பிறகு பின்கதவு. விடியும்வரை அந்தச் சிறிய வீட்டுக்கு இரண்டு காவல்: கதவுக்கு அவர், அவருக்கு அவர் மனைவி.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது என்று எதுக்கண்ணன் முடிவு கட்டிவிட்டார். ஓட்டுநர் தூங்கவேண்டும் என்று நிர்வாகத்துக்கு என்ன அக்கறை? ஓய்வறையில் யார் படுத்ததும் குறட்டை விடுகிறார்களோ அவர்களைக் குறித்துவைத்து, ‘களைப்புள்ளவர்’ என்று கழற்றிவிடத்தான் திட்டம்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? கனம் இருந்தது. அந்த வருடத்தில் இரண்டு முறை, திரும்பி வரும் வழியில், மதிய வெயிலில், இமை தானாகக் கீழே வந்து ஒட்டியிருந்தது. ஒரு கண நேரம்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டியரிங் போய்விடும். ஸ்டியரிங் போனால் தனக்கு என்ன மிச்சம் என்று யோசிக்கவே அவர் துணியவில்லை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பத்தரைக்கு அந்தப் பக்கத்து ஊர். ஓய்வறையில் எட்டு இரும்புக் கட்டில், நீல ரெக்ஸின் மெத்தை, ஒரு சுவர்க் கடிகாரம். கூரையில் வட்டமாக ஒரு கருவி, அவ்வப்போது சிவப்பாகக் கண் சிமிட்டும். புகை வந்தால் கத்துவதற்காக வைத்தது என்று காவலாளி சொன்னார். எதுக்கண்ணன் நம்பவில்லை. மற்றவர்கள் வெட்டிப்போட்ட கட்டை மாதிரி தூங்க, இவர் மட்டும் முக்கால் மணி நேரமும் கண்ணை அகல விரித்து அந்தக் கருவியையே முறைத்துக்கொண்டு கிடப்பார். பதினொன்றே காலுக்கு எழுந்து, சிவந்த கண்களோடு வண்டியை எடுப்பார்.

அடுத்த சந்தேகம் நடத்துனர் மேல் விழுந்தது. பதினோரு வருடமாக ஒரே வண்டியில் கூட வரும் மனிதர். தினமும் காலையில் வண்டிக்குப் பின்னால் போய் ரகசியக் குரலில் போன் பேசுவார். ‘சரிங்க, பாத்துக்கிறேங்க’ என்பார். இவரைக் கண்டால் வைத்துவிடுவார். திரும்பும்போது டிக்கெட் போட்டு முடித்ததும் இஞ்சின் பெட்டிமேல் வந்து உட்கார்ந்து ஓயாமல் பேசுவார். “அண்ணே, நீங்க முதல்ல ஓட்டின வண்டி நம்பர் என்ன?” “அண்ணே, உங்க கல்யாணத்துக்கு மழை பெஞ்சுதா?” ஒற்றனுக்குத்தான் இத்தனை கேள்வி என்று எதுக்கண்ணனுக்குப் பட்டது. ஒரு திங்கட்கிழமை பொறுமை போய்விட்டது.

“இனிமே நீ பின்னாடி போய் உக்காரு. என்கிட்ட ஒண்ணும் துருவாத.”

நடத்துனர் முகம் சுருங்கிப் போயிற்று. டிக்கெட் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மறுநாள் திரும்பும்போது வண்டி அமைதியாக வந்தது. ஆற்றுப் பாலத்துக்காக எதுக்கண்ணன் காத்திருந்தார். கடக்க மூன்று நிமிடம் ஆகும் நீளமான பாலம். அதற்கு முன்னால் கியரைக் குறைக்கவேண்டும். காத்திருந்தவர் கண்ணில் சிமென்ட் ஆலையின் புகைபோக்கி பட்டது. அது பாலத்துக்கு அந்தண்டை அல்லவா இருக்கவேண்டும்? சாலையை மாற்றிவிட்டார்களா என்று முதலில் சாலையைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு நடத்துனரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார்.

“பாலம் எங்கப்பா?”

“தாண்டிப் பத்து நிமிஷம் ஆச்சேண்ணே.”

கண்ணாடியில் பார்த்தார். நாற்பத்து மூன்று பேர். ஒரு பெண், மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, இவரை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். பாலத்தை யார் ஓட்டிக் கடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார்.

நடத்துனரும் இறங்கினார். கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். எதுக்கண்ணன் எட்டிப் பிடித்தார். “மேனேஜருக்குத்தானே? பேசு. என் முன்னாடியே பேசு.”

நடத்துனர் போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் ‘அண்ணி’ என்று இருந்தது.

“உனக்கு ஏதுப்பா அண்ணி? நீதான் வீட்டுக்கு மூத்தவனாச்சே.”

“உங்க வீட்லதாண்ணே. நாலு வருஷமா தினமும் காலையில கூப்பிடுவாங்க. எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு சொல்லுவாங்க. நாலு மணி நேரத்துக்குக் குறைஞ்சா வழியெல்லாம் நான் பேசிட்டே வரணும். உங்களைப் பதில் சொல்ல வைக்கணும். அதான் பேச்சு.”

“நாலு வருஷமா தினமும்தானே பேசுற?”

“ஆமாண்ணே. எனக்குக் கேள்வியே தீந்துபோச்சு.”

எதுக்கண்ணனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நேற்று அந்த மனிதரைப் பின்னால் துரத்தியது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அப்போது ஜன்னல் வழியாக ஒரு பெரியவர் தலையை நீட்டினார். “டிரைவரே, வண்டி எதுக்கு நிக்குது?”

இருபத்தேழு வருடமாக ஊரையெல்லாம் அவர் கேட்ட கேள்வி. இஞ்சின் சூடு என்று சொல்லலாம், டயரைக் காட்டலாம். நடத்துனர் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார்.

“எனக்குத் தூக்கம் வருதுங்க. பாலத்து மேல தூங்கிட்டேன்.”

வண்டிக்குள் சலசலப்பு எழுந்து, மெல்ல அடங்கியது. பெரியவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசி இருக்கையில் இருந்தவர்கள், யாரும் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார்கள்.

“முக்கால் மணி நேரம்ப்பா,” என்றார் எதுக்கண்ணன். “நாப்பதாவது நிமிஷம் எழுப்பிட்டு முக்கால்னு கணக்குச் சொல்லக்கூடாது. ஆபீசுக்கும் நீயே சொல்லிடு, நடந்ததை நடந்தபடி. வேற ஆள் அனுப்பினா அனுப்பட்டும்.”

“அண்ணிக்கு?”

“தூங்கிட்டேன்னு சொல்லு.”

நீட்டிப் படுத்தார். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கதவு இரண்டும் திறந்து கிடந்தன. அவர் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.