தண்ணீர் பைப்பில் தட்டிய மத்தியானம்

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம். செஞ்சியில் நெல் ஏலம் விடுகிற கமிட்டிக்குப் பின்தெருவில் இருக்கிற எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என் தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். பஸ் ஸ்டாண்டில் நின்று நான் ஊர்ப் பெயர் கூவினால் எதிர்ப்பக்கத்து டீக்கடை வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான். வாய் இருக்கிறது, சத்தம் கிடையாது. அழுதால்கூடக் காற்றுதான் வரும்.

பேச்சுக்குப் பதில் சட்டைப்பையில் ஒரு நோட்டு. நான் எழுதி முடிக்கும் வரை யாரும் நிற்பதில்லை. பாதி எழுதும்போதே, "ஆங், புரிஞ்சுது புரிஞ்சுது" என்று போய்விடுவார்கள். என் மனைவி வல்லம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். களைத்துப் போய் வருகிறவளிடம் நோட்டை நீட்டினால், எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பாள். அதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். நாளாக ஆக, சாப்பாடு, மாத்திரை, கேஸ் சிலிண்டர், இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு என்று ஆகிவிட்டது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, ஆறு வாரம் போய் வந்தேன். அங்கே காத்திருக்கிற இடத்தில் மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் பழக்கமானார். என் வயதுதான். அவர் மனைவிக்கும் அதே சிகிச்சை. நான் நோட்டில் எழுதுவதையே பல நாள் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் பெஞ்சுப் பலகையில் விரலால் தட்டிக் காட்டினார்.

"சார், இதுக்கு வாய் வேணாம். நான் தினம் ராத்திரி இப்டித்தான் உலகம் பூரா பேசறேன்."

ஹாம் ரேடியோ என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். அரசாங்கத்தில் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கினால், வீட்டிலேயே ஒரு வயர்லெஸ் செட் வைத்து யாரோடும் பேசலாமாம். குரலில் பேசுகிறவர்கள் உண்டு. மோர்ஸ் என்கிற தட்டு மொழியில், குறிலும் நெடிலுமான சத்தங்களாலேயே பேசுகிறவர்களும் உண்டு. புயலில் டவர் சாய்ந்து போன் செத்துப்போனாலும் ஒரு பேட்டரியும் ஒரு கம்பியும் இருந்தால் இது ஓடும் என்றார். எனக்கு அதெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை. வாய் வேண்டாம் என்ற ஒன்றுதான் ஏறியது.

எட்டு மாதம் படித்தேன். இங்கிலீஷ் எனக்குத் தகராறு. ஆனால் இதில் நீளமான வாக்கியமே கிடையாது, எல்லாம் சுருக்கெழுத்து. சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினேன். லைசென்ஸ் வர இன்னும் சில மாதம். பழைய செட் ஒன்றை மேல்சித்தாமூர் நண்பரே தேடிப் பிடித்துத் தந்தார். தண்ணீர் டேங்கிலிருந்து பின்பக்கத் தென்னை வரை ஆன்டெனா கம்பி கட்டினோம். முதல் முதலாகக் கொல்கத்தாவில் ஒருவர் பதில் கொடுத்தார். என் பெயர், ஊர், வானிலை கேட்டார். போகும்போது, நீங்கள் தட்டுவது தெளிவாக இருக்கிறது என்றார். எனக்குக் குரல் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. செட்டை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் கரண்டும் இல்லை, போனும் இல்லை. எந்தத் தரைப்பாலம் முழுகியது, எங்கே பஸ் நிற்கிறது என்று நானும் நண்பரும் தட்டிக்கொண்டே இருந்தோம். தெருவில் என்னைத் தேடி வந்து சேதி கேட்டார்கள். மனைவி மட்டும், "டிக்கு டிக்குன்னு மண்டய உடைக்குது" என்பாள். அவளுக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தப் பங்குனி மத்தியானம், கோட்டை மலைக் குரங்குகள் வந்து கம்பியில் தொங்கி அறுத்துவிட்டுப் போயிருந்தன. கட்டுக்கம்பியும் கட்டிங் பிளேயருமாக டேங்க் ஸ்டாண்டின் மேல் ஏறினேன். ஏணி சறுக்கியது. இடுப்பு தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு வலது காலை அசைக்க முடியவில்லை. போன் கீழே சார்ஜில். மணி ஒன்று இருக்கும்.

கத்த வாயைத் திறந்தேன். பழக்கதோஷம். காற்று வந்தது.

தரை தோசைக்கல் மாதிரி கொதித்தது. பக்கத்தில் டேங்கிலிருந்து சமையல்கட்டுக்கு இறங்கும் இரும்பு பைப். கையில் இருந்த பிளேயரால் அதில் தட்டினேன். மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். ஆபத்து என்பதற்கு உலகம் முழுக்க அதுதான். கீழே கமிட்டிக்கு வந்த நெல் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை, "இன்னா ரிப்பேரோ, ஒரு கண்ணு தூங்க உடமாட்றாங்க" என்றார். சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. கழுத்துத் துளை உலர்ந்து, ஒவ்வொரு மூச்சும் உரசிக்கொண்டு போனது. உலகம் முழுக்கத் தெரிந்த மொழி எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அலுத்துப்போய்ப் பல தடவை நிறுத்தினேன். திரும்ப ஆரம்பித்தேன். வேறு வேலை என்ன இருந்தது?

மூன்றரைக்கு மேல் கேட் திறக்கும் சத்தம். மனைவி வந்துவிட்டாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தட்டினேன்.

"வெய்யில்ல இன்னாய்யா தட்டிக்கினு கெடக்கற? எறங்கி வா, டீ போடறேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பிறகு பாத்திரச் சத்தம். தட்டினேன். டம்ளர் வைக்கும் சத்தம். இனிமேல் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மேல் கோபம்கூட வரவில்லை. அந்த அளவுக்குக் களைப்பு. ஆனாலும் கை தட்டிக்கொண்டே இருந்தது.

பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் படியில் ஓடி வருகிற காலடி.

என்னைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலில் கமிட்டியில் மூட்டை தூக்குகிற நாலு பேர் ஓடி வந்தார்கள். கட்டிலைக் கொண்டுவந்து, படி திரும்புகிற இடத்தில் நிமிர்த்திச் சாய்த்து, அலுங்காமல் இறக்கினார்கள். விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் இடுப்பில் பிளேட் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் நோட்டில் எழுதிக் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் பிடுங்கவில்லை, பிடுங்க உடம்பில் தெம்பில்லை.

"நீ இன்னா தட்டறன்னு எனக்கு இன்னா தெரியும்? பைப்புலயும் அதே டிக்கு டிக்குன்னு மட்டும் தெரிஞ்சுது. ஆனா தினம் தட்டுனா நடுவுல நிப்பாட்டுவ. அந்தாண்ட இருக்கற ஆளு பேசறதக் கேப்ப. அப்புறமாத்தான் மறுபடி தட்டுவ. அன்னிக்கி நிப்பாட்டவே இல்ல. அப்டியெல்லாம் நீ யார்கிட்டயும் பேசமாட்டியேன்னு பயந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சாத்துக்குடி உரிக்க ஆரம்பித்தாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கொல்கத்தாக்காரருக்காக, பெயர் தெரியாத யார் யாருக்காகவோ தட்டிவிட்டு நின்று கேட்டவன், இவளுக்காக ஒருநாளும் நின்றதில்லை. இவளோ சமையல்கட்டில் இருந்தபடி என் நிறுத்தங்களைக்கூடக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இப்போது நொண்டிக்கொண்டுதான் நடக்கிறேன். செட் ஓடுகிறது. மோர்ஸ் கற்றுக்கொள்ளச் சொன்னால், "அதெல்லாம் எனக்கு வேணாஞ்சாமி" என்கிறாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். எந்தப் பிள்ளை முட்டையை மறைத்து வீட்டுக்கு எடுத்துப் போனது, எந்த டீச்சருக்கு மாற்றல் வந்தது என்று. சில நாள் கண் சொருகும், இடுப்பு வலிக்கும். ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும் வரை எழுந்து போவதில்லை. என் சத்தத்தை வெறும் சத்தமாக விட்டுவிடாதவள் இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் என்பது அந்த மத்தியானத்தோடு என் உடம்பில் ஏறிவிட்டது.