வாரேன் என்று சொல்லிப் போன காசு

சில நாட்களுக்கு முன், காலையில் எங்கள் பட்டறையில் ஒரு லாரிக்குத் தார்ப்பாய் அளவெடுத்துக் கொண்டிருந்தார்கள். இப்போது நான் தைப்பதில்லை. பெரியவன் தைக்கிறான், நான் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

“மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க” என்றாள் ஜமால் பாயின் மகள் ஷம்ஷாத். பாய் இறந்துவிட்டார். நாமக்கல்லில் பஸ் ஏறிச் சேலம் போய்ச் சேர்ந்தேன்.

கடைவீதி முனையில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். படத்தைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லையே. ஜமால் பாயின் முகத்தை வெட்டி ஒரு கறுப்புக் கோட்டின்மேல் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் உயரமான தொப்பி ஒன்று. தொப்பிக்குள்ளிருந்து ஒரு முயல் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது.

“என்னன்னு போட்டிருக்குதுங்க?” என்று பூக்கடைக்காரரைக் கேட்டேன்.

“மாயாஜால மன்னர்னு போட்டிருக்குங்க.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பாய் ஆயுசுக்கும் கோட்டுப் போட்டவரில்லை, முயல் வளர்த்தவருமில்லை. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் காசை மறைத்துக் காட்டுவார். “முழுக்கை போட்டா சட்டைக்குள்ள போச்சுன்னு சொல்லிடுவாங்கண்ணே” என்பார். அவரிடம் இருந்தது ஒரு பழைய பெரிய ஒரு ரூபாய்க் காசு, எதிரே உட்கார ஓர் ஆள், நடுவில் ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் அவருடைய மேடை.

வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் பேச்சும் அதேதான். ஒருவர் கை வேகம் என்றார், இன்னொருவர் கண்கட்டு என்றார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பெரியவரே, நீங்க பாய்க்கு ரொம்பப் பழக்கமாமே. அந்தக் காசு எங்கதான் போகும்?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றேன்.

“சும்மா சொல்லுங்க. இனி என்ன மறைக்கிறது.”

உள்ளே பாயின் உடலைக் குளிப்பாட்டிக் கொண்டிருக்கிறார்கள். இவருக்கு இந்தக் கேள்வி. இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனிதரைக் கடைசிவரை நோகடித்தார்கள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜமால் பாய்க்குச் சேலத்தில் நூல், பட்டன் கடை. தார்ப்பாய் தைக்கிற முறுக்கு நூலுக்காக நான் அவரிடம் போக ஆரம்பித்தேன். இரண்டு பேருக்கும் அப்போது தலை நரைக்கவில்லை. முதல் நாளே ஒரு காசை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்து காட்டினார். கை காலி.

“அந்தக் கையைத் தொறங்க” என்றேன்.

அந்தக் கையையும் திறந்தார். அதுவும் காலி. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. நூல் கண்டைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் ரெண்டாவது கையைத்தான் கேக்குறீங்கண்ணே. மொதக் கையில இருந்தது காணமேன்னு ஒருத்தர்கூட வருத்தப்பட்டதில்லை.”

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. காசு காணாமல் போனதற்கு எதற்கு வருத்தப்பட வேண்டும்? அதுதான் திரும்ப வந்துவிடுமே. ஆனால் அவருடைய முகம் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அவரோடு நிறைய இடங்களுக்குப் போயிருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் வருவார். காசு வாங்கமாட்டார், சாப்பிட்டுவிட்டு வருவார். ஒவ்வோர் இடத்திலும் காசுக்கு ஒரு பேச்சைச் சேர்த்துப் பார்ப்பார். ஒருமுறை சூரியன், சந்திரன் என்று கதை கட்டினார். எதிரே இருந்தவர்கள் கதையைக் காதில் வாங்காமல் விரலையே பார்த்தார்கள். இன்னொருமுறை எடப்பாடியில் ஒரு கல்யாண வீட்டில், செல்வம் நிலையில்லாதது என்று பிரசங்கம் மாதிரி ஆரம்பித்தார். விசைத்தறிக்காரர் ஒருவர் இடையில் புகுந்து, “ஏனுங்க பாய், எங்க காசு காணாமப் போறதுக்கு மேஜிக் எதுக்குங்க? நூல் வெலை ஒண்ணு போதாதுங்களா?” என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. பாயும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அவர் சொன்னது சரிதானேண்ணே. காசுன்னா அவங்களுக்குக் காசுதான் தெரியும். அது மறைஞ்சா கணக்குத்தான் ஞாபகம் வரும். அதை வேற ஏதோ ஒண்ணா ஆக்கணும். அது எனக்குத் தட்டுப்பட மாட்டேங்குது.”

“சின்னப் பிள்ளைக வெளையாட்டுக்கு இவ்வளவு யோசனையா பாய்?” என்றேன்.

“வெளையாட்டுத்தான். வெளையாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கக்கூடாதா?” என்றார். கொஞ்சம் கோபமாகவே.

அது தட்டுப்பட்டது எங்கள் வீட்டில். என் சின்ன மகன் அப்போது போர்க்கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வடக்கே போனால் மழைக்குத்தான் திரும்புவான். அவன் கிளம்புகிற அன்று பாய் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று, “வாரனுங்கம்மா” என்றான். அவன் அம்மா, “வா சாமி” என்றாள். அவன் போனான்.

பாய் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். “கேட்டீங்களாண்ணே?”

“என்னத்தைங்க?”

“போறவன் வாரேன்னு சொல்றான். அனுப்பி வைக்கிறவங்க வான்னு சொல்றாங்க.”

“வேற எப்படிங்க சொல்லுவாங்க? போறேன்னு ஆராச்சும் சொல்லுவாங்களா? அவச்சொல்லு.”

“அதைத்தான் சொல்றேன். இத்தனை நாளா நான் காசைப் போன்னு தொரத்திட்டு இருந்திருக்கேன். ஒரு நாளும் அது வாரேன்னு சொல்லிட்டுப் போகல.”

அதிலிருந்து அவருடைய விளையாட்டே மாறிப்போனது. எதிரே எப்போதும் ஒரு தாயாரைத்தான் உட்கார வைப்பார். காசை உள்ளங்கையில் வைத்து, “இவனுக்கு ஒரு பேரு வைங்கம்மா” என்பார். அவர்கள் வைப்பார்கள். “இவன் ரிக் வண்டியில வடக்கே கெளம்புறான். வாசல்ல நின்னு என்ன சொல்லுவான்?” கூடியிருக்கிற எல்லோரும் ஒரே குரலில், “வாரேன்” என்பார்கள். மெதுவாகக் கையை மூடித் திறப்பார். கை வேகம் என்கிறார்களே, அவர் கையில் வேகமே கிடையாது. அவ்வளவு நிதானமான கையை நான் பார்த்ததில்லை. காசு இருக்காது. அப்போது ஒருவரும் இரண்டாவது கையைக் கேட்கமாட்டார்கள். அந்த அம்மா காலியான உள்ளங்கையையே பார்த்துக் கொண்டிருப்பார்.

அதற்கப்புறம்தான் பெரிய வேலை. அவர் ஒன்றுமே செய்யமாட்டார். டீ வரும், குடிப்பார்கள். மழை, மாடு, பிள்ளைகள் படிப்பு என்று ஊர்க்கதை பேசுவார். எல்லோரும் மறந்த நேரத்தில் அந்த அம்மா மறுபடியும் தன் டம்ளரை எடுப்பார். அடியில் காசு இருக்கும். அதன்மேல் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருக்கும். போர் ஓட்டும்போது புகையாகக் கிளம்புமே பாறைத்தூள், அதுதான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தப் பொடியைத் தெரியும். வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் சட்டையில் அதைத்தான் துவைக்கிறார்கள். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து விடுவார்கள். கைதட்ட மாட்டார்கள். பாய்க்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதைக் கெடுத்தது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டில். சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து உறவுமுறைக்கு வந்திருந்த ராசம்மா என்ற அம்மா எதிரே உட்கார்ந்தார். காசுக்குச் செந்தில் என்று பெயர் வைத்தார். வைத்ததும் பந்தலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். ரிக் வண்டிக்குப் போன அவருடைய மகன் பெயர் அது. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியவன், போன்கூடப் பண்ணுவதில்லை என்று பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. “வாசல்ல நின்னு என்ன சொல்லுவான்?” என்று பாய் கேட்டபோது மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அந்த அம்மா மட்டும் தனியாக, “வாரேம்பான்” என்றார்.

கை திறந்தது. காசு இல்லை. டீ வந்தது.

வீட்டுக்காரருடைய மச்சினர் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே போனில் படம் பிடித்துக் கொண்டிருந்தார். அதை ஓரமாக நின்று மெதுவாக ஓட்டிப் பார்த்தவர், “புடிச்சிட்டேனுங்க” என்று வந்து, ராசம்மாவின் முன்னால் இருந்த டம்ளரை வெடுக்கென்று தூக்கினார். “பாருங்க, இங்க வெச்சிருக்காரு. ஊரை ஏமாத்தறாரு பாய்.” காசை எடுத்து எல்லோரிடமும் காட்டினார். பந்தலே சிரித்தது. டீ ஸ்டூலில் கொட்டிக் கீழே ஒழுகியது.

பாயின் முகம் செத்துவிட்டது. “இன்னொருக்கா பண்ணட்டுங்களாம்மா?” என்று கேட்டார்.

ராசம்மா முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தார். “வேண்டாங்க சாமி. அவனை ஆரோ கையைப் புடிச்சு இழுத்தாந்துட்டாங்க. அவனா வரோணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அன்று பஸ்ஸில் பாய் சொன்னது வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “இத்தனை வருசத்துல ஒரே ஒரு ஆள் என் விளையாட்டை முழுசாப் பார்த்திருக்குண்ணே. அந்த ஆளுக்குத்தான் பாதியில நின்னு போச்சு.”

அந்தக் காசை அவர் அதற்கப்புறம் வேறு எங்கும் எடுக்கவில்லை. வேறு காசில் செய்வார். இதைப் பொடியைத் துடைக்காமல் ஒரு பட்டன் டப்பாவில் போட்டு வைத்தார். சேந்தமங்கலம் போகவேண்டும், போகவேண்டும் என்பார். கடை, பெண்ணின் கல்யாணம், வீட்டம்மாவின் வைத்தியம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஒருவழியாக நாங்கள் போனபோது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை. மகன் வந்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. வாசலில் ராசம்மாவின் ஒரே ஒரு ஜோடி செருப்புத்தான் கிடந்தது. ராசம்மா மரியாதையாக எதிரே உட்கார்ந்தார். பாய் காசை உள்ளங்கையில் வைத்தார். கை ஆடியது. காசு விழுந்து உருண்டு அம்மாவின் காலடியில் போய்ச் சாய்ந்தது.

ராசம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தார். “இன்னும் பொறப்படலையாட்டம் இருக்குதுங்க” என்று சிரித்தார். பாயால் சிரிக்க முடியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். போன் வைத்திருந்த அந்த மச்சினரைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்றிருந்தது. அவருக்கு இதெல்லாம் ஞாபகமே இருக்காது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது டப்பாவை என் கையில் கொடுத்தார்.

“சேந்தமங்கலத்துக்கு நீங்க போங்கண்ணே.”

“எனக்கு உங்க வித்தை தெரியாதுங்களே பாய். என் வெரல் ஊசி புடிச்சுப் புடிச்சு மரமாயிருச்சு.”

“வித்தை ஒண்ணும் வேண்டாம். அவன் அன்னைக்கே கெளம்பிட்டான், இன்னும் வழியிலதான் இருக்கான். ஆனா கையில மட்டும் குடுத்துடாதீங்க. கையில குடுத்தா அது வெறும் ஒரு ரூவா. தானா வந்த மாதிரி இருக்கணும்.”

அடக்கத்தன்று கபரஸ்தானில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். பாய் வீட்டுக்குத் திரும்பி, ஊருக்குக் கிளம்பச் செருப்பை மாட்டும்போது பழக்க தோஷத்தில், “வாரேன்” என்று பாதி வாய்க்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏனுங்க, எழவு ஊட்டுல போய் வாரேன்னு சொல்றீங்களே.” சரிதான், சாவு வீட்டில் சொல்லக்கூடாத சொல் அது. வாயை மூடிக்கொண்டு படி இறங்கினேன். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆயுசையெல்லாம் செலவழித்த மனிதருடைய வீட்டிலிருந்து அதைச் சொல்லாமல் வந்தேன். வெளியே வெள்ளைச் சட்டைக்காரர் இன்னொருவரிடம், கட்டைவிரலுக்குள்தான் காசு ஒளிந்திருக்கும் என்று விளக்கிக் கொண்டிருந்தார்.

நேற்று சேந்தமங்கலம் போனேன். ராசம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “உங்க கூட்டாளி பாய் வல்லீங்களா?” என்று கேட்டார். சொன்னேன். “இருங்க, டீ வெக்கறேன்” என்று உள்ளே போனார். வாசலில் இப்போதும் அதே ஒரு ஜோடி செருப்புத்தான். இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். மழை இல்லை என்றார். ஆமாம் என்றேன். மாடு கத்தியது, எழுந்து போனார்.

மரமாகிப்போன இந்த விரலால், நடுக்கமில்லாமல், அவர் டம்ளரை அரை விரல்கடை தூக்கி அடியில் காசை வைத்தேன். பொடி இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் திரும்பி வந்ததும் எழுந்தேன். “வாரனுங்கம்மா” என்றேன். “வாங்க சாமி” என்றார். அவர் டம்ளரை எடுத்தாரா, எப்போது எடுத்தார், எடுத்து என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நின்று பார்த்திருந்தால் நானும் போன் வைத்திருந்த மச்சினரும் ஒன்று.

பாய், உங்கள் வீட்டு வாசலில் என் வாயை அடைத்துவிட்டார்கள். இங்கே, பேத்தி எழுதுகிற இந்தத் தாளில், சட்டையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. என் வயதுக்கு இதைச் சொன்னால் பொய்யும் ஆகாது.

வாரேன் பாய்.