அரிப்புக்குத் தெற்கே ஒரு பழைய கடல்

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணியளவில் முருங்கன் சந்தியில் இறங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டவளுக்கு அங்கே ஒரு தேநீர் குடிக்கத்தான் நேரம் கிடைத்தது. சிலாவத்துறை பஸ் இரைந்துகொண்டு நின்றது. சீமெந்து மூட்டைகளும் தகரங்களும் ஆட்களுக்கு முன்பே இடம்பிடித்திருந்தன. போர் முடிந்து நாலு வருடமாகியும் சனம் இன்னும் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக பஸ்ஸில்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

நான் பூகோளம் படிப்பிக்கிறவள். என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவரின் தங்கை திரேசம்மாவும் கணவர் சூசையும் அரிப்புக்குத் தெற்கே தங்கள் பழைய காணிக்குத் திரும்பியிருந்தார்கள். கிணறு வெட்டும் இடத்தில் கல்லுக்குள்ளிருந்து சிப்பி வருகிறதாம். கேட்டவுடன் புறப்பட்டுவிட்டேன்.

வயல்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்கின. செம்மண் பாதையோரம் சில இடங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இன்னும் நின்றன. வெயில் ஏறிய நேரம் திரேசம்மா கைகாட்டி பஸ்ஸை மறித்தார்.

தறப்பாள் கூரை போட்ட கொட்டில், பக்கத்தில் மஞ்சள் வெள்ளையாய்க் கற்குவியல், நடுவில் குழி. அதன் விளிம்பில் இருந்த சூசை எழும்பவில்லை.

"பாருங்கோ மிஸ், கல்லு முழுக்கச் சிப்பி. கடலுக்குள்ள கிணறு வெட்டுறம். உப்புத்தான் வரும். நான் திரும்பி முருங்கனுக்குப் போறன்."

"போறவர் போகட்டும். நான் வரேல்லை," என்றார் திரேசம்மா. இடம்பெயர்ந்த காலம் முழுவதும் அடுத்தவர் வீட்டு வாளியில் அள்ளிக் குளித்தவர் அவர். முருங்கனில் அவருடைய இன்னொரு அக்கா வீட்டில் இப்போதும் இவர்களுடைய சாமான்கள் கிடந்தன.

ஒரு துண்டுக் கல்லை எடுத்துக் கண்ணாடி வில்லையால் பார்த்தேன். சிப்பிகளுக்கு நடுவே மணல்பருமனில் வேறு ஓடுகள். இவை வாழ்ந்தபோது இந்தக் கரை ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். பிறகு, இன்றைக்கு ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பது இலட்சம் வருடங்களுக்கு முன், உலகத்தின் கடல்கள் குளிர்ந்தன. தென்துருவத்தில் பனி மலைமலையாய் ஏறியது. அவ்வளவு தண்ணீர் பனியாய்த் தங்கிவிட, கடல் தாழ்ந்தது. இதை அறிந்ததும் இப்படிப்பட்ட ஓடுகளிலிருந்துதான். கடல்நீரின் ஒட்சிசனில் கனமானது, கனம் குறைந்தது என்று இரண்டு வகை. கனம் குறைந்தது இலகுவில் ஆவியாகிப் பனியில் சிறைப்படும். மிஞ்சிய கடலில் கனமானது கூடும். கடல் குளிர்ந்தாலும் ஓட்டில் அது கூடும். ஆழ்கடல் அடியில் கிடந்த ஓடுகள் அந்தக் கணக்கை அப்படியே வைத்திருக்கின்றன. என் கையில் இருந்த கல் வைத்திருக்காது. தரைக்கு வந்தபின் காலங்காலமாய் மழை அதைக் கரைத்துக் குழப்பிவிட்டது.

எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் பனியிலிருந்து மழைவரை எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொன்னபோதுதான், எனக்குக் கெட்டது இவர்களுக்கு நல்லது என்று உறைத்தது.

"சூசை, இந்தச் சிப்பியின்ர கடல் போய்க் கனகாலம். அந்த உப்பை மழை எப்பவோ கழுவிப்போட்டுது. நீங்கள் பயப்பட வேண்டியது அங்கால தெரியிற கடலுக்கு. மழைத்தண்ணி மேல நிக்கும், உப்புத்தண்ணி கீழ கிடக்கும். ஆழமா வெட்டினா அது ஏறும்."

"அப்ப நல்ல தண்ணி வருமோ?" என்றார் சூசை.

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். என் ஒரு சொல்லில் ஒரு குடும்பம் இருக்கும் அல்லது போகும் என்பது வகுப்பறையில் பழக்கமில்லாத பாரம். "தெரியாது," என்றேன். "வரலாம். உறுதி சொல்ல ஏலாது."

"வரலாம் எண்டா வெட்டிப் பாப்பம்," என்றார் சூசை. கல்லுடைக்கும் அலவாங்கை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நானும் திரேசம்மாவும் வாளியில் கல் இழுத்தோம். என் உள்ளங்கை கொப்பளித்தது. வெயில் சாயும் நேரம் கீழேயிருந்து, "ஈரம்!" என்று குரல் வந்தது. கல்வெடிப்பில் தண்ணீர் கசிந்து, மெதுவாகத் தேங்கியது.

முதல் வாய் திரேசம்மா குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் உப்புச் சவர்," என்றார். "குடிக்கிறதுக்குத் தண்ணி பவுசர் வரட்டும். குளிக்க, உடுப்புத் தோய்க்க, ரெண்டு தென்னம்பிள்ளை வைக்க இது காணும்."

சூசையும் குடித்துப் பார்த்தார். "இனி ஆழமாக்கேல்லை, அகட்டுவம்," என்றவர் ஈரக்கையாலேயே முருங்கனுக்குப் போன் எடுத்தார். "மச்சாள், அந்த அலுமாரியை அனுப்பிவிடுங்கோ."

பஸ்ஸுக்கு நின்றபோது திரேசம்மா கேட்டார்: "மிஸ், அந்தப் பனியெல்லாம் உருகினா?"

"கடல் திரும்பி ஏறும். இப்பவே ஏறத் தொடங்கியிட்டுது. மெல்ல மெல்லத்தான்."

அவர் கடற்பக்கம் பார்த்தார்.

"மெல்லத்தானே. சாமானை எடுத்து வைக்க நேரம் கிடைக்கும். அண்டைக்கு இடம்பெயரேக்க எங்களுக்கு அது கிடைக்கேல்லை."

பஸ் வந்து நின்றது. அவருடைய கையைப் பிடித்தேன்; ஏறினேன்.